மலைக்கு அந்தப் பக்கம்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடுகிற கூட்டத்துக்குக் கோமதி அம்மனின் தவக்கோலம் எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் அந்த மாதத்துக் காற்று. மேற்கேயிருந்து வரும். பந்தல் துணியைப் படபடவென்று அடிக்கும், வீதிப் புழுதியை வாரிக் கண்ணில் போடும். வானத்தில் மேகம் இருக்கும், ஆனால் நிற்காது. வந்த வேகத்திலேயே கிழக்கே போய்விடும். அதே நாளில், பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய குற்றாலத்தில் சாரல் பிடித்து, அருவிகளில் தலை காட்ட இடம் இருக்காது. ஒரே மாவட்டம், ஒரே மேகம். ஓரூருக்கு அருவி, ஓரூருக்குப் புழுதி.

காரணம் ஊருக்கு மேற்கே கண்ணுக்கு நேராக நிற்கிறது. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்களுக்குப் பின்னால் வடக்குத் தெற்காக ஓடும் மேற்குத்தொடர்ச்சி மலை சங்கரன்கோவிலிலிருந்து பார்த்தால் ஒரு நீலச் சுவர். கிட்டே போனால் அந்த நீலம் இருக்காது, பாறையும் பச்சையும்தான். இடையே உள்ள இருபது முப்பது கிலோமீட்டர் காற்றுதான் நீலமாகத் தெரிகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பை விட நீல ஒளியைப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. மலைக்கும் கண்ணுக்கும் நடுவே சிதறிய அந்த நீலம் மலையின் மேல் திரைபோல விழுகிறது. மழை பெய்து தூசி அடங்கிய காலையில் சுவர் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருப்பதும் இதனால்தான். அன்று திரை மெலிந்துவிடுகிறது.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது.

பெரியாறு சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். சங்கரன்கோவிலிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் அந்த இடம் சுமார் முப்பது கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் நாள்தோறும் பார்க்கும் முகட்டின் பின்புறச் சரிவில் விழும் மழை, கிழக்கே வராமல் வடக்கே ஓடிப்போய், முல்லைப்பெரியாறு அணையின் பின்னால் 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேங்குகிறது. அதைத்தான் உலகம் தேக்கடி ஏரி என்கிறது. முப்பது கிலோமீட்டருக்குள் பிறந்த ஆற்றைப் பார்க்க, சங்கரன்கோவில்காரர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வடக்கே போய், தேனி, கம்பம், கூடலூர் என்று ஒரு பெரிய அரைவட்டம் அடித்துக் குமுளி மலைப்பாதையில் ஏற வேண்டும். நடுவில் உள்ளது புலிக்காடு.

ஏறியபின் ஏரியைப் படகிலிருந்து பார்ப்பவர்கள்தான் அதிகம். அதைவிட நல்ல வழி நடந்து போவது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வனத்துறை ‘எல்லை நடை’ என்றொரு நடையைச் சிறு குழுக்களாக அழைத்துப்போய் நடத்துகிறது. கேரளமும் தமிழ்நாடும் தொட்டுக்கொள்ளும் முகட்டை ஒட்டி, 900 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,300 மீட்டர் வரை ஏறி இறங்கும் பாதை. காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஏறும் உயரம் 400 மீட்டர்தான். பழனி மலையை அடிக்கடி படியேறுபவருக்குப் பெரிய சவால் இல்லை.

அந்த 400 மீட்டருக்கு உடல் என்ன செலவழிக்கிறது? 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன்னைத்தானே அவ்வளவு உயரம் தூக்கிக்கொண்டு போக 56 கிலோகலோரி போதும். ஆனால் தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. ஆகவே செலவு 225 கிலோகலோரியைத் தொடும். நாலைந்து இட்லி. முதல் அரைமணி நேரத்தில் சட்டை நனைந்துவிடுவதற்கு அந்த முக்கால் பங்கு வெப்பமே காரணம். மறுநாள் தொடை வலிப்பதற்குப் பழியை ஏற்றத்தின் மேல் போடுவது வழக்கம், குற்றவாளி இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசைநார்களில் நுண்ணிய சிதைவு அதிகம்.

மழைக்காலத்தில் அட்டை உண்டு. முழங்கால் வரை கட்டும் துணிக் காலுறையைக் குழுவினருக்குக் கொடுப்பது அதற்காகத்தான். அட்டை கடிப்பது தெரியாது, எடுத்தபின் ரத்தம் நிற்காமல் வழிவதுதான் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருக்கிறது.

வழிகாட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் காட்டில் வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். காட்டின் சந்துபொந்தெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1990-களின் பிற்பகுதியில், அவர்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, அந்த அறிவையே காவலுக்குப் பயன்படுத்த வனத்துறை முடிவெடுத்தது. முன்னாள் பட்டை உரிப்பவர்கள் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டிகளாகவும் இரவு ரோந்துக்காரர்களாகவும் ஆனார்கள். மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும் இந்தப் பணியில் இருக்கிறார்கள். யானை போன தடம் எத்தனை மணி நேரப் பழசு என்பதை மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சொல்லும் ஒருவர் முன்னால் நடப்பது, கையில் எந்தப் புத்தகம் இருப்பதைவிடவும் மேலானது. இந்தியக் காட்டுப் பாதுகாப்பு வரலாற்றில் இவ்வளவு நல்ல முடிவுகள் குறைவு.

கால் வைக்கும் கரும்பச்சைப் பாறைக்கும் ஒரு கதை உண்டு. தென்தமிழகத்து மலைகளில் பரவலாக உள்ள இந்த வகைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல்லைக் கொண்டுபோயிருந்தார்கள். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறை இது. எளிதில் கரையாது. மலை இன்னும் நிமிர்ந்து நிற்க அதுவும் ஒரு காரணம்.

மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில் ஏரி தெரிகிறது.

முதலில் கண்ணில் படுவது அதன் வடிவம். குளம் என்றால் வட்டமாகவோ பிறையாகவோ எதிர்பார்க்கும் கண்ணுக்கு இது விரித்த கைபோல, இல்லை, வேரோடு பிடுங்கிப்போட்ட செடிபோல இருக்கிறது. ஒவ்வொரு விரலும் ஒரு காலத்தில் ஓடை இறங்கி வந்த பள்ளத்தாக்கு. அணை கட்டியதும் நீர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் பின்னோக்கி ஏறியது. எங்கே மேடு நின்றதோ அங்கே கரை நின்றது. பள்ளிக்கூட நிலப்படத்தில் ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளையெல்லாம் இணைத்து ஒரு கோடு வரைவார்களே, சம உயரக் கோடு என்று, அதை நீர் தானே மலையில் வரைந்து காட்டியிருக்கிறது. ஏரி கொஞ்சம் வற்றியிருந்தால் கரையைச் சுற்றிச் செம்மண் வளையம் தெரியும். அது போன மாதத்துக் கோடு.

நிறமும் கவனிக்கத்தக்கது. படகில் போகும்போது நீர் சாம்பலாகவோ நீலமாகவோ, வானம் எப்படியோ அப்படி இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் பச்சை. நீர்ப்பரப்பைச் செங்குத்தாகப் பார்க்கும்போது அது பிரதிபலிக்கும் ஒளி இரண்டு சதவீதம்தான். மீதி உள்ளே இறங்குகிறது. நீரிலுள்ள நுண்பாசிகளும் மண்துகளும் திருப்பி அனுப்பும் ஒளியைத்தான் கண் பார்க்கிறது. பார்வை சரியச் சரிய பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். நீர்மட்டத்தை ஒட்டிப் பத்து டிகிரி சாய்வில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். படகில் இருப்பவர் பெரும்பாலும் வானத்தைத்தான் பார்க்கிறார். முகட்டில் நிற்பவர் ஏரியைப் பார்க்கிறார்.

நீருக்குள் கறுப்புக் கறுப்பாக நட்டுவைத்த கம்பங்கள் தெரியும். அவை 1890-களில் மூழ்கிய காட்டின் மரங்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல நின்றுகொண்டிருக்கின்றன. மரத்தை மட்கச்செய்யும் பூஞ்சைக்கு நீரும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் பிராணவாயு மிகக் குறைவு. அதனால் அழுகல் அங்கே நத்தை வேகத்தில்தான் நடக்கும். நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும் மேல்பகுதிதான் தேய்கிறது. அந்தக் கட்டைகளின் உச்சியில் பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயில் காயும். அதன் இறகு வாத்தின் இறகைப்போல நீரை உதறித் தள்ளாது, நனையும். நனைந்து கனத்தால்தான் நீருக்கடியில் மீனைத் துரத்த முடியும். வேட்டை முடிந்ததும் காய வைத்தே ஆக வேண்டும். 

இந்த ஏரியை இயற்கை அழகு என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. அழகுதான், ஆனால் மனிதக் கை போட்டது. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் அணைகட்டி உண்டாக்கியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வயநாட்டின் பூக்கோடு போன்ற சில சிறிய ஏரிகளை விட்டால், மலைமேல் நின்று பார்க்கும் பெரிய நீர்ப்பரப்பு எல்லாமே ஏதோ ஓர் அணையின் பின்புறம்தான். இமயத்திலும் ஆல்ப்ஸிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்க இங்கே ஏன் இல்லை? உலகின் ஏரிகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டியது பனிப்பாறை. கடைசிப் பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி நிலத்தைச் சுரண்டிக் குழியாக்கிவிட்டு, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கியது. குழிகளில் நீர் நின்றது. நம் மலைகளில் அந்தப் பனி இறங்கவில்லை. இங்கே வேலை செய்ததெல்லாம் ஆறுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறு ஓடிய நிலத்தில் குழி தங்காது. இருக்கும் குழியை மண்ணால் தூர்க்கும், இல்லையென்றால் விளிம்பை அறுத்து நீரை வெளியேற்றிவிடும். ஏரி என்பது பூமியின் கணக்கில் இளம் பிள்ளை. நம் மலை மிகவும் வயதானது.

ஆக இங்கே ஏரி வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினால் மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை, ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-ஆம் ஆண்டு வாக்கிலேயே வந்துவிட்டது. பணம் இல்லாமல் நின்றது. 1808-இல் ஆங்கிலப் பொறியாளர் கால்டுவெல் இடத்தைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்றார். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 1887-இல், ஜான் பென்னிகுவிக் பணியைத் தொடங்கினார். 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த சுர்க்கிக் காரையில் கட்டிய, 176 அடி உயர அணை. வெள்ளம் பலமுறை தற்காலிகத் தடுப்புகளை அடித்துப்போனது. அதைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியா வேலையாட்களை வாரிக்கொண்டுபோனது. அணைக்கு அருகே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் காய்ச்சலைக் கொசு கொண்டுவருகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் ஆதாரம் கண்டது 1897 ஆகஸ்டில். அணை திறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு கொசுவலையின் அருமை தெரியாமல் மடிந்தவர்களின் வேலை, முகட்டில் நிற்பவரின் காலடியில் பளபளக்கிறது.

ஏரியை வியந்து பார்த்துக்கொண்டிருப்பவரை வழிகாட்டி முகட்டின் மறுபக்கம் திரும்பச் சொல்வார். நடையின் உண்மையான பரிசு அங்கேதான் கிடைக்கிறது.

பத்தடி நடந்தால் போதும். கீழே மலை செங்குத்தாக விழுந்து, கம்பம் பள்ளத்தாக்கு வரைபடம்போல விரிந்துகிடக்கிறது. பன்னீர் திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்பு, நெல்வயல், நடுநடுவே காய்ந்த கரடுகள். ஏரி கடல்மட்டத்திலிருந்து 870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு சுமார் 400 மீட்டரில். இந்த 470 மீட்டர் வித்தியாசத்தில்தான் பென்னிகுவிக்கின் திட்டமே அடங்கியிருக்கிறது. ஏரியின் ஒரு விரல் முகட்டுக்கு மிக அருகே வந்து நிற்கிறது. அங்கே வெட்டிய வாய்க்காலும், பாறையைக் குடைந்த ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கமும் நீரை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுகின்றன. பிறகு வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. நீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, வைகையோடு சேர்ந்து, மதுரை வழியாக ராமநாதபுரம் வரை போகிறது. கம்பம், கூடலூர் பக்கம் தை மாதத்தில் ஓர் ஆங்கிலேயருக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால், அந்தத் திராட்சைப் பந்தல்களை மேலேயிருந்து பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

காற்றுக்கு வருவோம். ஆடியில் இந்த முகட்டில் நிற்பவருக்கு ஏரிப்பக்கம் மூடுபனியும் தூறலும், கம்பம் பக்கம் வெயிலும் ஒரே சமயத்தில் தெரிவதுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரபிக்கடலோரத்தில் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈரக்காற்று கிளம்புகிறது. மலை மறிப்பதால் மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து, நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும். 500 மீட்டரில் 23 டிகிரி. அங்கே மேகம் கட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவி துளியாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை விட்டுவிடுவதால், அதற்குமேல் நூறு மீட்டருக்கு 0.6 டிகிரிதான் குளிர்கிறது. 1,500 மீட்டர் முகட்டில் 17 டிகிரி. இதற்குள் மழையை அந்தப் பக்கமே கொட்டியாயிற்று. இறங்கும்போது சுருங்கிச் சூடாகிறது, நூறு மீட்டருக்கு முழுதாக ஒரு டிகிரி. சங்கரன்கோவில் இருக்கும் 150 மீட்டர் உயரத்துக்கு வந்துசேரும்போது 30.5 டிகிரி. கேரளத்தில் அதே உயரத்தில் 26.5 டிகிரியாக இருந்த காற்றுதான் இது. நான்கு டிகிரி கூடுதல் சூடு, ஈரம் பறிகொடுத்த வறட்சி, மேகம் கலைந்த வானம். இதுதான் மழைமறைவு. கேரளப் பக்கத்துப் பீர்மேட்டில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, சங்கரன்கோவில் வட்டாரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் காலம் தள்ளுவது இதனால்.

குற்றாலத்துக்கு மட்டும் சாரல் கசிவது, சுவரில் அங்கே ஒரு வாசல் இருப்பதால். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து, மேகமும் காற்றும் நுழைய வழிவிடுகிறது. நெருக்கமான வழியில் புகும் காற்று வேகம் பிடித்து வெளியே வந்து விசிறியாக விரிகிறது. தென்காசியிலிருந்து சுரண்டை, கயத்தாறு பக்கம் வரை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அந்த விசிறியில்தான் சுழல்கின்றன.

முகட்டில் விழும் ஒரு துளியின் விதியை ஒரு சாண் இடம் தீர்மானிக்கிறது. இந்தப் பக்கம் விழுந்தால் வங்கக்கடல் பக்கம், அந்தப் பக்கம் விழுந்தால் அரபிக்கடல். சங்கரன்கோவிலின் பங்கு மிகச் சிறியது. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வந்து கரிவலம்வந்தநல்லூரைத் தொட்டு வைப்பாற்றில் சேரும் நிட்சேப நதி வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். இந்தப் பங்கைக் கூட்டிக்கொள்ளும் முயற்சி இங்கேயும் நடந்திருக்கிறது. சிவகிரி, வாசுதேவநல்லூருக்கு மேலே மலையில் செண்பகவல்லி தடுப்பணை என்றொரு பழைய கட்டு உண்டு. அதன் சுவர் உடைந்தபின் கிழக்கே இறங்க வேண்டிய நீர் மேற்கே நழுவிவிடுகிறது, சீர்செய்து தாருங்கள் என்று இந்த வட்டார விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அளவில், பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் ஒன்று தேசிய நீர் மேம்பாட்டு முகமையின் தாள்களில் இருக்கிறது. கேரளம் ஒப்பவில்லை. அங்கே குட்டநாட்டு வயல்களுக்கும் காயல்களுக்கும் அந்த நீர் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்துக் கவலை. திருப்பப்படும் நீர் எதுவானாலும், அதை நம்பி ஏற்கெனவே எதுவோ வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அதற்கு இந்த ஏரியே சாட்சி. பெரியாற்றின் மேல்பகுதியில் மட்டுமே வாழும் ஒரு மீன் உண்டு. 1941-இல் மீனியல் அறிஞர் சுந்தரராஜ் அதை விவரித்து லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் உலகிலேயே இது ஒன்றுதான். ஓடும் தெளிந்த நீரில் பழகிய மீன். ஓட்டம் நின்று ஏரியானதும், பின்னால் வந்துசேர்ந்த திலேப்பியா, சாதாக் கெண்டை போன்ற அயல் மீன்கள் தேங்கிய நீரில் செழித்துவிட்டன. பழைய மீன் மேலேயுள்ள ஓடைகளுக்கு ஒதுங்குகிறது. இன்னொரு பக்கம், இந்த நீர் இருப்பதாலேயே கோடையிலும் யானைகள் இறங்கி வருகின்றன, தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சுவிட்டபடி ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு நீந்திக் கடக்கின்றன. நீர்நாய்க் கூட்டம் கரையில் மீனைத் தின்கிறது. 1934-இல் திருவிதாங்கூர் அரசு இதைச் சுற்றியுள்ள காட்டைச் சரணாலயமாக்கியது. இன்று 925 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம். அணை கட்டியதற்காகக் காடு மூழ்கியது, அணை இருந்ததற்காக மீதிக் காடு தப்பியது.

இந்த நடைக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் மாதம் டிசம்பர், ஜனவரி. வானம் துடைத்துவைத்ததுபோல இருக்கும். ஆனால் முடிந்தால் ஐப்பசியில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது காற்று திசை மாறிவிடும். மேகம் வங்கக்கடலிலிருந்து வந்து, கம்பம் பள்ளத்தாக்கின் மேலேறி, செங்குத்துச் சரிவைத் தடவிக்கொண்டு முகட்டுக்கு வரும். அந்தச் சில வாரங்களில் மலை கிழக்கத்தியான். திராட்சைப் பந்தல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் நிற்பவரின் முகத்திலேயே ஈரம் அறையும். தெற்கே, அதே முகட்டின் அடிவாரத்தில், சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் மழை பிடித்திருக்கும். மறுநாள் காலையில் கரிவலம்வந்தநல்லூர்ப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நிட்சேப நதியில் செங்கலங்கலாகத் தண்ணீர் வருவதைப் பார்க்க ஆட்கள் கூடியிருப்பார்கள்.